தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு குரல்

மெயின் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே குச்சிக்கு மறந்துபோயிற்று. தினமும் பார்க்கிற சுவர்தான். இப்போது கண்ணைக் கட்டி விட்டதுபோல இரண்டு கையாலும் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். பம்ப் ரூம் முழுக்க மோட்டார் உறுமியது. வெளியே, தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஆஸ்பத்திரி அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி அக்கா செத்துப்போனது மழைக்காலத்தில். அந்த மழை நின்று, சேறு காய்ந்து, புல்லும் பழுத்துவிட்டது.

"தண்ணி விட்டாச்சு. கொதிக்க வெச்சுக் குடிங்க. குழந்தைங்களுக்குக் கட்டாயம் கொதிக்க வெச்சுத்தான் கொடுக்கணும்."

அந்தக் குடியிருப்பின் பாஷையில்தான் சொன்னாள். குச்சிக்கு அதை யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாஷையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தக் குரல்தான்.

அதோடு நின்றிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நிற்கவில்லை. ஒரு கரகரப்பு. யாரோ சிரிக்கிற சத்தம். பிறகு அதே குரல், இந்த முறை அறிவிப்பு இல்லை, வீட்டில் பேசுகிற பேச்சு.

"டேய் உருண்டை! அங்க என்ன பண்ற? இங்க வாடா. வா, கண்ணு. அம்மாகிட்ட வா. அம்மாகிட்..."

குச்சியின் கை நெம்புகோலில் பட்டது. தொங்கி இழுத்தாள். மோட்டார் முனகி அடங்கியது. குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

சாயங்கால நேரத்தில் அந்த இடம் ஒருநாளும் சும்மா இருக்காது. விறகு பிளப்பார்கள், குழந்தை அழும், யாராவது யாரையாவது திட்டுவார்கள். இப்போது ஒன்றுமில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது. அடுத்த வீட்டுக் கதவு. அதற்கடுத்தது. வரிசையாகச் சாத்திக்கொண்டே போன சத்தத்துக்கு நடுவில் ஜீப்காரர் கத்தினார்.

"உருண்டை எங்கே? பையன் எங்கேன்னு கேக்கறேன்!"

உருண்டை, செத்துப்போன அக்காவின் மகன். ஜீப்காரர் அவளுடைய அண்ணன்.

*

குச்சியின் அப்பா தண்ணீர் போர்டில் பம்ப் ஆபரேட்டர். அம்மா நர்ஸ். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை வேண்டும் என்று மனுப் போட்டுப் போட்டுச் சலித்தபோது, வேறு யாரும் வாங்கிக்கொள்ளாத இடம் ஒன்று கிடைத்தது. ரோடு முடிந்து, ஆறு குறுக்கிட்டு, அதற்கப்புறமும் காட்டுக்குள் போனால் வருகிற பழங்குடிக் குடியிருப்பு. அங்கிருந்து வெளியே போக ஜீப்காரரின் ஜீப் ஒன்றுதான் வழி. அதுவும் ஆறு மனது வைத்தால்.

குவார்ட்டர்ஸைப் பார்த்த அன்றைக்கு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு ரூமு, நாலு பல்லி. இது நம்ம வீடா, இல்ல பல்லிங்க நமக்கு வாடகைக்கு விட்டிருக்கா?"

"பல்லி அட்வான்ஸ் கேக்கல பாரு, அதுவரைக்கும் சந்தோஷம்," என்றார் அப்பா.

குச்சி என்பது அப்பா வைத்த பெயர். ஒட்டடைக்குச்சியின் சுருக்கம். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கைத்துணையாக இருந்த அக்காதான் அந்தப் பெயரை ஊர் முழுக்கப் பரப்பினாள். வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தவள், இரண்டு பாஷையும் அவளுக்கு ஒன்றுதான். "சிஸ்டர், உங்க பொண்ணு நடந்தா கொடிக்கம்பம் நடக்கிற மாதிரி இருக்கு. துணி காயப்போட்டுக்கட்டுமா?" என்பாள். பதிலுக்கு அவளுடைய தடியான சின்னப் பையனுக்கு அப்பா உருண்டை என்று பெயர் வைத்தார். அதுவும் ஒட்டிக்கொண்டது.

குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது யாருக்கும் தெரியாத ஊர் அது. கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் தண்ணீர். பெண்கள் குடத்தோடு காத்துக் கிடந்தார்கள், சண்டை போட்டார்கள். அப்பா மண்டையைக் குடைந்து ஒரு ஏற்பாடு செய்தார். மோட்டார் ஓட ஆரம்பித்தால் பாட்டுப் பெட்டியும் தானாக ஓடும். பென் டிரைவில் இருக்கிற குரலை ஸ்பீக்கர் சொல்லும். குரல் கொடுக்க அக்கா வந்தாள். மைக்கைப் பார்த்து வெட்கப்பட்டு, வாயைப் பொத்திச் சிரித்து, பல தடவை சொதப்பி, கடைசியில் சரியாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது மடியிலிருந்த உருண்டை நழுவி, வாசலுக்கு வெளியே இருந்த கழிவுத்தண்ணீர்க் குழிப் பக்கம் போய்விட்டான். அக்கா அவனைக் கூப்பிட்டாள். மைக் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நல்ல பகுதியை மட்டும் வெட்டித் தனியாக வைத்துக்கொண்டார். மீதியை அப்படியே விட்டுவிட்டார்.

மழைக்காலத்தில் ஒருநாள் அக்காவுக்கு நெஞ்சைப் பிடித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அம்மா சொன்னாள். ஆறு கரை புரண்டு போனது. ஜீப்காரர் இந்தக் கரையில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் கொஞ்சம் வடிந்தாலும் இறக்கிவிடலாம் என்று இன்ஜினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் அம்மா மடியில் அக்கா. டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றபோது அக்காவும் இல்லை.

அவள் வீட்டைச் சாத்தினார்கள். வாசலிலிருந்த அவள் காலடித் தடத்தையெல்லாம் இலைக்கொத்தால் பெருக்கி அழித்தார்கள். அவள் பெயரைச் சொல்வதில்லை, அவளைப் போலப் பேசிக் காட்டுவதில்லை. செத்தவர்கள் நடந்துதான் போகிறார்கள். பாதி வழியில் தங்கள் தடத்தையோ பெயரையோ குரலையோ கண்டுகொண்டால், இன்னும் இங்கே வேலை மிச்சமிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிடுவார்கள். திரும்பினால் சும்மா வரமாட்டார்கள், பிரியமானவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால், அலுத்துப்போய்க் கிளம்பிவிடுவார்கள். வாயைத் திறந்து பதில் சொன்னால் அது கூடவே வருவதாக வாக்குக் கொடுத்ததுபோல.

"அந்தக் குரலை எடுத்துடுங்க சார்," என்று ஜீப்காரர் வந்து கேட்டார்.

அவர் போனபின் அப்பா இழுத்தார். "வேற யாரு இவ்வளவு தெளிவா பேசுவாங்க? கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சிட்டு..."

"நம்புறோமா இல்லையான்றது நம்ம வீட்டுப் பேச்சு," என்றாள் அம்மா. "இது அவங்க இடம். அழிங்க."

அப்பா ஜீப்காரரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே அழித்தார். ஏமாற்றவில்லை. வெட்டி வைத்திருந்த அறிவிப்பை அழித்தார். வெட்டாத பழைய பதிவு அதே பென் டிரைவில் இன்னொரு மூலையில் கிடந்தது அவர் நினைவில் இல்லை. போடச் சொன்ன பாட்டு இல்லையென்றால் அந்தப் பெட்டி சும்மா இருக்காது, அடுத்து என்ன இருக்கிறது என்று தேடிப் போடும் என்பதும் நினைவில் இல்லை. அன்றோடு ஸ்பீக்கரையும் அணைத்து வைத்தார்கள். அதனால் மோட்டார் ஓடும்போதெல்லாம் பெட்டி எதைப் போடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. தண்ணீர் தாமதமாகும் என்று சொல்ல, அப்பா ஸ்பீக்கரை பேட்டரியில் போட்டு மைக்கில் பேசினார். அவருடைய அரைகுறைப் பாஷையைக் கேட்டுக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. உருண்டைகூடச் சிரித்தான். அப்பா ஸ்பீக்கரை அணைக்காமல், குழாய் வாயில் அடைத்த சருகை எடுக்க ஆற்றுக்குப் போய்விட்டார். பொழுது சாயும்போது கரண்ட் வந்தது.

*

"வீட்ல இல்ல. அடுப்புக்கிட்ட உக்காந்திருந்தான். நான் திரும்பறதுக்குள்ள..." ஜீப்காரரின் மனைவிக்கு மூச்சு வாங்கியது. அக்கா போனதிலிருந்து உருண்டையை வளர்ப்பது அவள்தான்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து டார்ச்சோடு ஓடி வந்தாள். "குச்சி, என்னடி ஆச்சு? என்ன சொல்லுச்சு அது?"

அம்மாவுக்கு அந்தப் பாஷை அவ்வளவாக வராது. குச்சி சொன்னாள். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து ஆட்கள் வந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள், "கூப்பிட்டது அவன் பேரே இல்லையே. சார் வெச்ச பட்டப்பேருதானே. அது கணக்குல வருமா?"

"எதைச் சொன்னா அவன் திரும்பிப் பார்க்கிறானோ அதுதான் அவன் பேரு," என்றார் ஜீப்காரர்.

சாத்தியிருந்த அக்காவின் வீட்டுப் பக்கம் டார்ச் அடித்தார்கள். வாசல் மண்ணில் ஒரு தடமும் இல்லை. சிலர் ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். குச்சியும் அவர்கள் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி, சட்டென்று நின்றாள். அம்மா கூப்பிட்டால் பிள்ளை எங்கே போவான்? குரல் வந்த இடத்துக்குத்தானே போவான்.

நிமிர்ந்து பார்த்தாள்.

நான்கு தூண்மேல் நிற்கிற தொட்டி. பக்கவாட்டில் துருப்பிடித்த இரும்பு ஏணி. உச்சியில் வானத்தின் கடைசி வெளிச்சத்தில் ஸ்பீக்கரின் வாய். அந்த வாய்க்குள்ளிருந்து இரண்டு குட்டைக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

கத்தக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. கத்தினால் அவன் திடுக்கிடுவான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினாள். நீளமான கால் முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது. கீழே பார்க்காமல், ஏணியின் துரு உள்ளங்கையில் உதிர உதிர ஏறி, தொட்டியின் மேல்தளத்தில் முழங்கால் வைத்தாள்.

உருண்டை குப்புறப் படுத்திருந்தான். தலை முழுக்க ஸ்பீக்கருக்குள். இடுப்பு தொட்டியின் விளிம்பை ஒட்டி.

"உருண்டை," என்று மெதுவாகச் சொன்னாள். "நான்தான்டா. குச்சியக்கா."

"உஷ்ஷ்," என்றான் தகரத்துக்குள்ளிருந்து. "உள்ள இருக்காங்க."

"யாரும் இல்லடா. அது வெறும் தகரம்."

"மூச்சு விடற சத்தம் கேக்குதே."

அவன் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குச்சி தன் காதையும் அங்கே கொண்டுபோனாள். உள்ளே என்னவோ இழுத்து இழுத்து விட்டது. காற்றுதான். குழாய்க்குள் காற்று போனால் அப்படித்தான் கேட்கும். இரண்டாவது தடவை அவள் காதை வைக்கவில்லை.

"கழுத்தைக் கட்டிக்கோ. முதுகுல ஏறு. கண்ணை மூடிக்கோ."

"திரும்ப வருவோமா?"

"முதல்ல இறங்கலாம்."

அவன் கனம் அவளைப் பின்னால் இழுத்தது. ஏணியின் ஒரு படி காலுக்குக் கீழே ஆடியபோது, கீழே நின்ற கூட்டம் மொத்தமும் ஒன்றாக மூச்சை இழுத்தது அவளுக்குக் கேட்டது. எல்லோரும் வந்துவிட்டார்கள் போலிருந்தது. தரையில் கால் பட்டதும் அவனை முதுகிலிருந்து இறக்கிவிட்டாள்.

ஆனால் யாரும் கிட்டே வரவில்லை. வட்டமாகத் தள்ளி நின்றார்கள். ஜீப்காரரின் மனைவி இரண்டு கையையும் நீட்டியபடி வர, பக்கத்தில் நின்றவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அம்மா மட்டும் பையனிடம் போகப் பார்த்தாள்.

"இருங்க சிஸ்டர்," என்று ஜீப்காரர் தடுத்தார். உருண்டைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார். "மாமாவைப் பாரு. கூப்பிட்டாங்களா உன்னை?"

உருண்டை தலையாட்டினான்.

"நீ வாயைத் திறந்தியா?"

பையன் எல்லோரையும் பார்த்தான். தள்ளி நின்ற அத்தையின் நீட்டிய கையைப் பார்த்தான். குச்சியைப் பார்த்தான்.

"பயப்படாத. 'ம்'னாவது சொன்னியா?"

இல்லை என்று தலையசைத்தான்.

"ஒரு சத்தம்கூட இல்லையே?"

இல்லை.

வட்டம் உடைந்தது. அத்தை ஓடி வந்து அவனை அள்ளிக்கொண்டாள். யாரோ ஒரு ஆள் 'அப்பாடா' என்று அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அப்பா இடுப்புவரை நனைந்து, கையில் ஸ்பேனரோடு ஓடி வந்தார்.

"மோட்டாரை யாரு போட்டது?"

"யாரும் போடல. கரண்ட் வந்துச்சு, உங்க புத்திசாலிப் பெட்டி தானாவே எல்லாத்தையும் பண்ணிடுச்சு," என்றாள் அம்மா.

விஷயம் புரிந்ததும் அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. பம்ப் ரூமுக்குள் போய் பென் டிரைவைப் பிடுங்கி வந்து, கல்மேல் வைத்து ஸ்பேனரால் அடித்தார். அது தூளான பிறகும் அடித்தார்.

"விடுங்க சார்," என்றார் ஜீப்காரர். "அதை உடைச்சிட்டீங்க. காதுல விழுந்ததை எதால உடைப்பீங்க?"

"நான் வேணும்னு செய்யலைங்க. அழிச்சேன், நீங்களே பார்த்தீங்க..."

"பார்த்தேன். அதனாலதான் நின்னு பேசிட்டிருக்கேன்."

அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "பையன் ஒருவேளை பதில் சொல்லியிருந்தா?"

ஜீப்காரர் தன் ஜீப்பைப் பார்த்தார். "விடியறதுக்கு முன்னால நானே அவனை ஏத்தி ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விட்டிருப்பேன். வேற வீடு, வேற பேரு. அதுக்கப்புறம் எங்க யாரு மூஞ்சியும் அவன் பார்க்கக் கூடாது. எங்க தடத்தைப் பிடிச்சுத்தானே அவ அவன்கிட்ட வருவா."

"விடலைன்னா?"

"முன்ன ஒரு பொண்ணு பதில் சொல்லிடுச்சு. பெத்தவங்களுக்குப் பிரிய மனசில்ல, மறைச்சிட்டாங்க. கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தது. ஒருநாள் எழுந்து போயிடுச்சு. யாரும் தூக்கிட்டுப் போகல சார். தானா நடந்து போயிருக்கு. ஆத்தங்கரைவரைக்கும் தடம் இருந்தது." "பையன் வாயைத் திறக்கல. என் தங்கச்சி புள்ள என்கிட்டயே இருப்பான். போதும், விடுங்க."

*

ஆஸ்பத்திரி என்று பெயர்தானே தவிர ஒரே அறை. ஒரு கட்டில், மருந்து அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி. அம்மா உருண்டையைக் கட்டிலில் உட்காரவைத்து, ஏணியில் கிழித்துக்கொண்ட முட்டியைக் கழுவினாள். குச்சி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குரங்குக்குப் பொறந்தவனே, அவ்வளவு உயரம் எப்படிடா ஏறின?" என்று அம்மா அவன் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு நெற்றியில் புறங்கையை வைத்தாள். கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தாள்.

"என்னம்மா?"

"லேசா சுடுது. பயந்த சூடா இருக்கும். இரு, துருப்பிடிச்ச இரும்பு, ஊசி போட்டுடலாம். அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன். பார்த்துக்கோ."

அம்மா வெளியே போனாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஜீப்காரர் அப்பாவிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா போனதிலிருந்து குச்சி அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. கொஞ்சம் தள்ளி ஜீப், ஆற்றுப் பாதையைப் பார்த்தபடி நின்றது.

உருண்டை அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"குச்சியக்கா. யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"என்னடா?"

"மாமா கேட்டாருல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"என்ன சொன்ன நீ?"

"'இரும்மா, வரேன்'னு சொன்னேன்."

வெளியே மறுபடியும் சிரிப்பு. இப்போது வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு நிற்கும், ஜீப் கிளம்பும், விடியும்போது இந்தக் கட்டில் காலியாக இருக்கும், இவனுக்கு வேறு ஏதோ ஒரு பெயர் இருக்கும். திறக்காவிட்டால்? இதெல்லாம் நம்ம வீட்டில் நம்புகிற விஷயமில்லை என்று அம்மாவின் குரலில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆற்றங்கரை வரைக்கும் போன சின்னக் காலடிகள்தான் கண்ணுக்குள் வந்தன.

"அது உங்கம்மா இல்லடா," என்றாள். "அன்னைக்கு மைக்ல பேசினது. நீயும்கூட இருந்த. மிஷினுக்கு நீ பதில் சொன்னா மிஷினுக்குக் கேக்காது."

"கேட்டுச்சே," என்றான். "நான் 'வரேன்'னதும், 'எப்ப வருவ'ன்னு கேட்டாங்க."

குச்சி அவனையே பார்த்தாள். குரல் 'அம்மாகிட்' என்ற இடத்தில் அறுந்தது. அவள் தன் கையால் அறுத்தது. அதற்குப் பிறகு அந்த ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் வரவில்லை. கதவுகள் சாத்துகிற சத்தம் மட்டும்தான்.

உருண்டை இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தான். அவன் உடம்புச் சூடு அவள் கைமேல் பட்டது. முட்டி எரிவதுகூட அவன் முகத்தில் தெரியவில்லை. இவளுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு கேட்டான்.

"நான் எப்பக்கா போகணும்?"